புதுச்சேரி பீச்சுக்கு மணல் திரும்பியது எப்படி? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரை எடுத்தால், ஈசிஆரில் டிஃபனுக்கு ஒரு நிறுத்தம் போட்டாலும் பத்து மணிக்குள் புதுச்சேரி வந்துவிடும். ஆசிரமம், பாரதி பூங்கா, மதியம் ஹோட்டல் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் பீச், ராத்திரி திரும்பி வீடு. பல குடும்பங்களுக்கு இது மனப்பாடமான ரூட். அதில் பத்து வருடத்துக்கு முன்பு இல்லாத ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மணலில் இறங்குகிறார்கள்.

முன்பு அங்கே இறங்க முடியாது. சாலை, நடைபாதை, அதன் கீழே கருங்கல் குவியல், அதற்கப்புறம் நேராகக் கடல். அலை கல்லில் மோதித் தெறிப்பதைப் பார்க்கலாம், கல்லில் உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். இழந்த கடற்கரையை ஒரு நகரம் திரும்பப் பெறுவது இந்தியாவில் அடிக்கடி நடக்கும் விஷயமில்லை. அந்த வகையில் இது நிஜமான வெற்றி.

ஆனால் அதே கார் அன்று காலை புதுச்சேரிக்குள் நுழையும் முன் பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, சின்னமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் என்று வரிசையாகச் சில ஊர்களைத் தாண்டி வந்திருக்கும். அந்த ஊர்களின் மீனவர் பகுதிகளில் கதை தலைகீழ். அங்கே கடல் உள்ளே வருகிறது. படகு ஏற்றி வைக்க இடமில்லை, வலை உலர்த்த இடமில்லை, சில இடங்களில் வீடே போயிருக்கிறது. இந்த இரண்டு காட்சிகளும் தனித்தனிச் செய்திகளாகத்தான் வருகின்றன, ஒன்று சுற்றுலாப் பக்கத்தில், இன்னொன்று மாவட்டப் பக்கத்தில். உண்மையில் இரண்டும் ஒரே மணலைப் பற்றிய செய்திகள்.

'ராக் பீச்' என்ற பெயரே ஒரு தடயம்

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையை இன்றைய தலைமுறை 'ராக் பீச்' என்றுதான் அறியும். கூகுள் மேப்பிலும் ரீல்ஸிலும் அதே பெயர். அந்தக் கற்கள் ஏதோ இயற்கையாகவே அங்கே இருந்தவை என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அப்படியல்ல. புதுச்சேரி கடற்கரை பாறைக் கடற்கரையே கிடையாது. சோழமண்டலக் கரை முழுவதையும் போல மணல் கரைதான். கரைச்சுவர் பழையது. ஆனால் சுவருக்கு முன்னால் மணல் இருந்தது. மணல் போன பிறகு சுவரைக் காப்பாற்றக் கற்களைக் கொட்டினார்கள், கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆக, நகரம் தன் இழப்புக்கு வைத்த பெயர்தான் ராக் பீச். அது சுற்றுலா பிராண்டாக மாறிவிட்டது வேறு விஷயம்.

கற்களை முழுக்க வில்லனாக்கவும் முடியாது. 2004 சுனாமியின்போது பக்கத்து மீனவ கிராமங்கள் கடுமையாக அடிபட்டன. நகர மையம் பெரிய அழிவிலிருந்து தப்பியதில் இந்தச் சுவருக்கும் கற்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கல் அலையைத் தடுக்கும், மணலைக் கொண்டுவராது. செங்குத்தான சுவரில் மோதித் திரும்பும் அலை, அடியில் மிச்சமிருக்கும் மணலையும் அரித்துக்கொண்டுதான் போகும்.

சரி, மணல் எங்கே போனது?

கடற்கரை மணல் பார்க்க அசையாமல் கிடக்கும். ஆனால் அது கரையை ஒட்டி ஓடும் ஓர் ஆறு போல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலைகள் கரையை நேராக வந்து அடிப்பதில்லை, சாய்வாக வந்து அடிக்கின்றன. ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலைச் சாய்வாக மேலே தள்ளி, நேராகக் கீழே இழுக்கும். ஆயிரம் அலைக்குப் பிறகு அந்த மணல் பக்கவாட்டில் வெகுதூரம் போயிருக்கும்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில், தோராயமாக மார்ச் முதல் அக்டோபர் வரை இந்த ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வாடைக்காற்று வீசும் மாதங்களில், வடக்கிலிருந்து தெற்கே. வடக்கே போகும் காலம் நீளமானது என்பதால், ஆண்டுக் கணக்குப் போட்டால் நிகர ஓட்டம் வடக்கு நோக்கித்தான். அளவு லட்சக்கணக்கான கனமீட்டரில் வரும். ஒரு டிப்பர் லாரியில் பத்து கனமீட்டர் என்று வைத்தால்கூட, ஆண்டுக்குப் பல்லாயிரம் லாரி மணல் யாரும் ஓட்டாமலே புதுச்சேரியைக் கடந்து போகிறது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே கடலுக்குள் நீளமாக ஒரு சுவர் கட்டினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் தேங்கும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். சென்னைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1870களில் மெட்ராஸ் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் அதற்குத் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது. அந்த மெரினாவில் 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்தார். துறைமுகத்துக்கு வடக்கே இருந்த ராயபுரம், காசிமேடு பகுதிகளைக் கடல் அரித்தது. இன்றும் அங்கே கற்களால்தான் கரை நிற்கிறது. மெரினாவின் அகலமும் வடசென்னையின் அரிப்பும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். ஒன்றில் பஞ்சுமிட்டாய் விற்கிறோம், இன்னொன்றைப் பேசுவதே இல்லை.

புதுச்சேரியில் இதேதான் நூறு வருடம் கழித்து நடந்தது. நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், 1980களின் பிற்பாதியில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1989 வாக்கில் வேலை முடிந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே இருந்த நகரத்தின் கடற்கரை சில வருடங்களில் காணாமல் போனது.

இது யாரும் எதிர்பாராத விபத்து அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டப்பட்டது, மணலைக் கடத்தும் வேலை ஒழுங்காகத் தொடர்ந்து நடக்கவில்லை. சுவர் ஒருமுறை செலவு, திறப்பு விழா உண்டு. மணல் கடத்துவது வருடா வருடம் செலவு, அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

ரீஃப் என்றால் பவளப்பாறையா?

இல்லை. புதுச்சேரி கடலுக்குள் இருப்பது இரும்பு. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதை வடிவமைத்தது. நகரக் கரைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு தடுப்புகள் திட்டத்தில் இருந்தன. அதில் வடக்கே, தலைமைச் செயலகத்துக்கு அருகே, சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு 2018இல் கடலில் இறக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, நீருக்குள் மூழ்கியிருக்கும்.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஆழத்திலிருந்து வரும் அலை இந்த மேட்டில் ஏறும்போதே உடைகிறது. கரைக்கு வரும்போது அதன் பலம் பாதி போய்விடும். மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் சற்று அமைதியாக இருப்பதால், அலை சுமந்துவரும் மணல் அங்கே படிகிறது. படிந்து படிந்து கரை கடலை நோக்கி ஒரு மேடாகப் புடைக்கும். கூடவே துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் இந்தக் கரையில் கொட்டப்பட்டது. கொட்டிய மணலைப் பிடித்துவைக்க ஒரு கட்டமைப்பு என்ற இந்த ஜோடிதான் பலன் கொடுத்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் இவ்வளவு சீக்கிரம் கரை வந்திருக்காது.

அரசுகள் தாமாக முன்வந்து செய்ததுமில்லை இது. பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பு, கல் கொட்டுவதை நிறுத்துங்கள், மணலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று பல வருடம் விடாமல் பேசியது. 'போன கடற்கரை போனதுதான்' என்பதே பொது எண்ணமாக இருந்த காலம் அது.

திரும்பிய மணல் ஆண்டு முழுக்க ஒரே அகலத்தில் இருப்பதில்லை. பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். போன கோடையில் பார்த்த கரை இந்த டிசம்பரில் பாதியாகத் தெரிந்தால் திட்டம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, மணல் கரை என்றாலே அப்படித்தான். தெற்கிலிருந்து மணல் வருவது நின்றுபோனால்தான் பிரச்சினை.

மணல் தவிர, கரைச்சாலையும் மாறியிருக்கிறது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த பழைய மேரி கட்டடம் அதே தோற்றத்தில் மறுபடி கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. ஆனால் இந்தக் கரையை உண்மையில் வாழவைப்பது பழைய, செலவில்லாத ஒரு முடிவு: மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை சாலையில் வண்டிகள் கிடையாது. டிக்கெட்டும் கிடையாது. விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் குடும்பமும் ரிசார்ட்டில் தங்கும் குடும்பமும் ஒரே நடைபாதையில் சுண்டல் சாப்பிடுகிறார்கள். 'வாட்டர்ஃப்ரண்ட் டெவலப்மெண்ட்' என்று கோடிக்கணக்கில் திட்டம் போடும் நகரங்கள் முதலில் இந்த ஒரு விதியை முயன்று பார்க்கலாம்.

வடக்கே என்ன நடக்கிறது?

மணல் பட்டினி நகரத்தோடு நிற்கவில்லை. நகரத்தின் வடக்கு ஓரத்தில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கே அரிப்பு தொடங்கியதும் கல் போட்டார்கள். கல் போட்ட இடம் தப்பியது, அதற்கு அடுத்த ஊர் அடிபட்டது. அடுத்த ஊரும் கல் கேட்டது. இப்படியே புதுச்சேரி எல்லை தாண்டி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்குள் பிரச்சினை ஊர் ஊராக நகர்ந்தது. சர்ஃபிங்குக்காக இளைஞர்கள் தேடிப்போகும் செரினிட்டி பீச் இருப்பது தந்திராயன்குப்பம் பக்கம். அங்கே கடலுக்குள் நீளும் கல் வரிசைகளுக்கு நடுவேதான் கொஞ்சம் மணல் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கல் வரிசைக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள் போல வளைந்து நீளும். 'எங்க ஊருக்கும் தூண்டில் வளைவு வேணும்' என்பது இந்தக் கரையில் கிட்டத்தட்ட எல்லா மீனவ ஊர்களின் கோரிக்கை. இதற்காக ஈசிஆரில் மறியல்கள் நடந்திருக்கின்றன. சுற்றுலா போகிறவர்களுக்கு அது டிராஃபிக் ஜாம். வேட்பாளர்களுக்கு அது வாக்குறுதி.

மீனவர்கள் கேட்பது நியாயமில்லை என்று ஏசி அறையிலிருந்து சொல்வது சுலபம். கரை என்பது அவர்களுக்கு வேலை செய்யும் இடம். ஃபைபர் படகை ஏற்றி வைப்பது, வலையைப் பிரித்துத் தைப்பது, கருவாடு காயவைப்பது, மீனை ஏலம் விடுவது எல்லாம் அந்த மணலில்தான். கரைவலை இழுக்க வேண்டுமானால் இழுக்கிற ஆட்கள் பின்னால் நடந்துபோக நீளமான மணல் வேண்டும். கல் மேட்டில் நின்று கரைவலை இழுக்க முடியாது. அடுத்த மழைக்காலத்தில் வீடு இருக்குமா என்று தெரியாதவரிடம் பத்தாண்டுத் திட்டம் பற்றிப் பேசினால் அவர் கேட்கமாட்டார். அவருக்கு இப்போது கிடைக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு கல்தான்.

ஆனால் தூண்டில் வளைவும் ஒரு சின்னத் துறைமுகச் சுவர்தான். தன் தெற்கே மணலைப் பிடிக்கும், தன் வடக்கே பட்டினி போடும். ஒவ்வோர் ஊரும் நியாயமாகக் கேட்டு, ஒவ்வோர் ஊருக்கும் கொடுத்து, கடைசியில் முழுக் கரையும் கல்லாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. மணல் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் அங்கே இடமிருக்காது.

அப்படியானால் நகரத்து ரீஃப்தான் வடக்கு ஊர்களின் மணலைத் திருடுகிறதா? அந்தக் குற்றச்சாட்டு எளிமையானது, ஆனால் முழுச் சரியில்லை. அரிப்பு தொடங்கி முப்பது வருடம் கழித்துத்தான் ரீஃப் வந்தது. முதல் காரணம் துறைமுகச் சுவர். ரீஃப்புக்குப் பின்னால் கரை ஓர் அளவு வரை புடைத்த பிறகு, வரும் மணல் அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகும். ஆனால் அதற்கு முதலில் தெற்கிலிருந்து மணல் வர வேண்டும். வராத மணலை நகரமும் கிராமங்களும் பங்குபோட்டால், முதலில் நிற்பவருக்குக் கிடைக்கும், பின்னால் நிற்பவருக்கு இல்லை.

ஏன் தீர்வு தாமதமாகிறது?

ஒரு காரணம் மேப்பில் இருக்கிறது. துறைமுகம் புதுச்சேரி அரசுடையது. அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் தமிழ்நாடு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒரே மணல் ஓட்டம், நடுவில் மூன்று எல்லை. துறைமுகத்தால் வரும் நஷ்டம் இன்னொரு அரசின் மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போகிறது. அவரால் துறைமுகத்தில் கைவைக்க முடியாது. தன் எல்லைக்குள் கல் கொட்ட மட்டும் முடியும். ஆய்வு மத்திய அரசு நிறுவனங்களிடம், கடலோர ஒழுங்குமுறை அனுமதி சுற்றுச்சூழல் துறையிடம், வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தில்.

பிரச்சினையின் அளவு சின்னதல்ல. தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டபோது, இந்தியக் கடற்கரையில் சுமார் 33.6% அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. தமிழ்நாட்டில் இது சுமார் 42.7%. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தே மொத்தம் 42 கிலோமீட்டர் கூட இல்லாத புதுச்சேரி கடற்கரையில் சுமார் 56.2%.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவே இதைத் தீர்த்த ஊர் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் நதி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கடலில் கலக்கிறது. எல்லையைத் தாண்டியதும் குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட். 1960களில் நதி முகத்துவாரத்தில் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே இருந்த பிரபலமான கடற்கரைகள் மணலிழந்தன. அங்கேயும் மணல் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கேதான். பல வருடச் சண்டைக்குப் பிறகு இரு மாநிலங்களும் 1990களில் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, செலவைப் பங்கிட்டுக்கொண்டன. 2001 முதல் முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு பாலத்தில் பம்புகளைப் பொருத்தி, மணலைக் குழாய் வழியே ஆற்றுக்கு அடியில் அனுப்பி வடக்கே வெளியேற்றுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கனமீட்டர். இன்றுவரை.

அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. ஆரம்ப வருடங்களில் அதிகமாக மணல் தள்ளியதில் கிர்ரா என்ற கடற்கரை தேவைக்கு மேல் அகலமாகி, உலகப் புகழ்பெற்ற சர்ஃபிங் அலை கெட்டுப்போனது என்று சர்ஃபர்கள் கொதித்தார்கள். அளவைத் திருத்திக்கொள்ள வருடங்கள் ஆயின. ஆனால் அவர்களின் சண்டை மணல் அதிகமானது பற்றி. இங்கே நிலைமை அப்படியில்லை.

புதுச்சேரிக்கு இது பொருந்துமா என்றால், தூர்வாரும் தேவை எப்படியும் இருக்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்து மீனவர்கள், முகத்துவாரம் மணல் தூர்ந்து படகு தட்டுகிறது என்று திரும்பத் திரும்பப் புகார் சொல்கிறார்கள். ஆக, அதே மணல் தெற்கே படகை மறிக்கிறது, வடக்கே இல்லாமல் வீட்டை இடிக்கிறது. அதை எடுத்து எங்கே கொட்டுவது என்பதுதான் கேள்வி. நகரத்து பீச்சில் கொட்டினால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத் தெரியும். எல்லை தாண்டி வடக்கே கொட்டினால் செலவும் அதிகம், பெயரும் வேறு அரசுக்குப் போகும்.

ட்ரிப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

புதிய மணல் பார்க்க மெரினா மாதிரித் தெரிந்தாலும் குளிக்கும் இடமில்லை; தடை இருக்கிறது, காரணத்தோடுதான் இருக்கிறது. அலை உடைந்து உள்ளே வந்த தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் திரும்பக் கடலுக்குப் போயாக வேண்டும். கல் வரிசையும் கட்டமைப்பும் உள்ள கரையில் அந்தத் திரும்பும் நீரோட்டம் குறுகிய இடத்தில் வேகமாக இழுக்கும். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், அதுதான் ஏமாற்றும். முழங்கால் தண்ணீர் என்று பிள்ளைகளை விடுவது சரியில்லை. கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் துறைமுகத்துக்குத் தெற்கே சின்னவீராம்பட்டினத்தில் ஈடன் பீச் இருக்கிறது. 2021இல் புளூ ஃபிளாக் சான்றிதழ் பெற்றது. குளிக்க எல்லை குறித்த இடமும் உயிர்காப்பாளர்களும் உண்டு. அது அரிப்புப் பக்கத்தில் இல்லை, மணல் வரும் பக்கத்தில் இருக்கிறது.

திரும்பி வரும்போது, முத்தியால்பேட்டை தாண்டி கோட்டக்குப்பத்தில் வண்டி மெதுவாகும். அங்கிருந்து வலதுபக்கம் எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் ஐந்து நிமிடத்தில் கடல். தெருவின் முடிவில் மணல் இருக்காது, கல் இருக்கும். படகுகள் வீட்டு வாசலை ஒட்டி நிற்கும்.